பக்கியின் பாடி மாட்யூல் போனால்: புதுசா, பழசா, ரிப்பேரா?

இண்டிகேட்டர் போட்டால் வைப்பர் ஓடுகிறது. கதவு தானாகப் பூட்டிக்கொள்கிறது. சாவியைத் திருகினால் டாஷ்போர்டு மினுக்குவதோடு சரி. பட்டறைக்காரர் ஸ்கேனரை மாட்டிவிட்டு, "பாடி கண்ட்ரோல் மாட்யூல் போயிடுச்சு" என்கிறார். விளக்கு, வைப்பர், கதவுப் பூட்டு எல்லாவற்றையும் ஆட்டிவைக்கும் எலக்ட்ரானிக் பெட்டி அது. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பக்கி, அதாவது பிக்கப் வண்டி, வைத்திருப்பவருக்கு இதற்கு மேல் மூன்று வழி இருக்கிறது: டீலரிடம் புதுப் பெட்டி, ஸ்கிராப்யார்டில் பழைய பெட்டி, அல்லது இருக்கிற பெட்டியையே திறந்து சரிபார்ப்பது. எல்லோரும் விலையை வைத்தே மூன்றையும் எடை போடுகிறார்கள். எனக்கு முதல் கேள்வி வேறு: வண்டிக்கே உரிய தரவு எந்த வழியில் தப்பிக்கும்?

ஒரே பார்ட் நம்பரில் பெட்டிகள் எத்தனையோ இருக்கலாம். ஆனால் சேஸிஸ் எண், எந்தெந்த வசதி இருக்கிறது என்ற கோடிங், பல மாடல்களில் சாவியின் இம்மொபிலைசர் (சரியான சாவி இல்லாமல் வண்டியைக் கிளம்பவிடாத திருட்டுத் தடுப்பு) ரகசியம், சிலவற்றில் கிலோமீட்டர் கணக்கு, இவையெல்லாம் உங்கள் பெட்டிக்குள் மட்டும்தான். அதனால் செத்த பெட்டியைக் கூடத் தூக்கிப் போடக்கூடாது.

ஆனால் அது நிஜமாகவே செத்துவிட்டதா? யூ0140 என்ற கோடு வந்தால், மற்ற மாட்யூல்களுக்கு இதன் பேச்சு கேட்கவில்லை என்றுதான் அர்த்தம். பேட்டரி இறங்கியிருக்கலாம், எர்த் துருப்பிடித்திருக்கலாம், ஃபியூஸ் போயிருக்கலாம். பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, டயக்னாஸ்டிக் சாக்கெட்டில் 6, 14 பின்களுக்கு நடுவே மல்டிமீட்டர் வைத்தால் சுமார் 60 ஓம் காட்ட வேண்டும். 120 காட்டினால் மாட்யூல்கள் ஒன்றோடொன்று பேசும் லைன் எங்கோ அறுந்திருக்கிறது என்று சந்தேகப்படலாம். புதுப் பெட்டி வாங்கி மாட்டினாலும் அது தீராது.

அப்புறம், இடதுபக்கம் பயணி காலடியில் கார்ப்பெட்டைத் தூக்கிப் பாருங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் ஏசி ஓடிக்கொண்டே இருக்கும். அதன் தண்ணீர்க் குழாய் மண் அடைத்துக்கொண்டால் தண்ணீர் கேபினுக்குள்தான் சொட்டும். பெட்டியின் கனெக்டரை உருவினால் பின்களில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருக்கும்; பாதி வழக்கு அங்கேயே தீர்ந்துவிடும். இன்னொரு குற்றவாளி டிரெய்லர் பிளக். டவ்பார் போட்டவர் பின்லைட் வயரைக் கீறி அதிலேயே இணைப்பு எடுத்திருப்பார். இன்சூரன்ஸுக்காக டிராக்கர் மாட்டியவரும் அதே வேலையைச் செய்திருக்கலாம். ஃபோர்டு மாட்யூல்களில் விளக்குகளுக்கு மின்சாரம் விடும் டிரான்சிஸ்டர்கள் ஷார்ட் ஆகும்போதெல்லாம் தாமே அணைந்துகொள்ளும். அந்தக் கணக்கு வரம்பைத் தாண்டினால் நிரந்தரமாகவே பூட்டிக்கொள்ளும். அந்த வயரைச் சரிசெய்யாமல் புதுப் பெட்டி மாட்டினால் அதுவும் அதே வழியில்தான் போகும்.

சரி, பெட்டிதான் குற்றவாளி என்று உறுதியாகிவிட்டது.

டீலர் வழியில் நிம்மதி இருக்கிறது. சரியான பார்ட் நம்பர், கம்பெனி சர்வரிலிருந்து கோடிங், சாவி பதிவு எல்லாம் ஒரே கூரையின் கீழ் முடியும். ஆனால் வண்டி ஓடாது என்பதால் டோயிங், புரோகிராமிங் கூலி, எல்லாவற்றின் மேலும் 15% வாட் வரி. டொயோட்டா ஹைலக்ஸ் டர்பன் பக்கம் புரோஸ்பெக்டனிலும் ஃபோர்டு ரேஞ்சர் பிரிட்டோரியாவின் சில்வர்டனிலும் அசெம்பிள் ஆகிறதே என்று நம்பி, பெட்டியும் உடனே கிடைக்கும் என்று நினைக்க வேண்டாம். இருப்பில் இல்லையென்றால் காத்திருக்கத்தான் வேண்டும். புனித வெள்ளிக்கு இசிபிங்கோ மாரியம்மன் கோவிலுக்குப் பாத்திரம் ஏற்றிப் போகிற வண்டி முந்தின நாள் படுத்துவிட்டால், ஈஸ்டர் விடுமுறை முடிந்து செவ்வாய்க்கிழமை வரை டீலர் கதவு திறக்காமல் போகலாம்.

ஸ்கிராப்யார்டு பெட்டி மலிவு. ஆசை காட்டுவதும் அதுதான். டோங்காட்டிலிருந்து வந்த ஒரு தம்பி கையோடு ஒன்றைக் கொண்டு வந்தார். "அண்ணே, நம்பர் ஒண்ணுதானே, மாட்டிப் பாத்துடலாமே?" என்றார். "மாட்டலாம் தம்பி, ஆனா உங்க சாவியை அது கண்டுக்காது. பழைய பெட்டி எங்க?" என்று கேட்டேன். வாங்கிய இடத்திலேயே மாற்றாகக் கொடுத்துவிட்டாராம். அங்கேதான் சிக்கல். பழைய பெட்டி கையில் இருந்தால் அதன் மெமரி சிப்பையும் மைக்ரோகண்ட்ரோலரையும் படித்து, அப்படியே இதற்குள் எழுதிவிடலாம். வண்டிக்கு வித்தியாசமே தெரியாது. சில மைக்ரோகண்ட்ரோலர்கள் படிக்க விடாமல் பூட்டியிருக்கும், அதற்கு அனுபவமுள்ள கை வேண்டும். பழையது கையில் இல்லையென்றால் சாவியும் கோடிங்கும் முதலிலிருந்து செய்ய வேண்டும். மலிவு எங்கே போனதென்று தெரியாது. டொயோட்டாவில் பல மாடல்களில் இம்மொபிலைசர் தனிப் பெட்டியில் இருப்பதால் இந்தத் தொல்லை கொஞ்சம் குறைவு.

பழைய பெட்டியில் இன்னொரு பயமும் உண்டு. பக்கி இந்த நாட்டில் திருடர்களுக்குப் பிடித்த வண்டி. 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி பழைய சாமான் விற்பவர் போலீஸில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணும், பெட்டி வந்த வண்டியின் சேஸிஸ் எண்ணும் போட்ட பில் இல்லாமல் வாங்கவே வாங்காதீர்கள்.

என் ஓட்டு ரிப்பேருக்குத்தான். தண்ணீர் அரித்த கனெக்டர் பின்கள், ரிலேயின் அடியில் விரிசல் விட்ட ஈயப்பற்று, போர்டில் கருகிய செம்புத் தடம், இவையெல்லாம் லென்ஸ் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். போர்டைக் கழுவி, உலர்த்தி, மறுபடி பற்றவைத்தால் தரவு அங்கேயே இருக்கும். சாவியைத் தொடவே வேண்டாம். பிராசஸர் கருகியிருந்தாலோ, போர்டின் உள்ளடுக்கு வரை அரித்திருந்தாலோ இந்த வழி மூடிவிடும். அப்போது தரவை மட்டும் பிழைக்க வைத்து ஸ்கிராப்யார்டு பெட்டிக்கு மாற்றலாம். மெமரியும் போய்விட்டால் டீலர்தான் கதி. வாரன்டி இருக்கிற புது வண்டிக்கும் நேராக டீலர்தான். வாரன்டி முடியாத வண்டியை வெளிப் பட்டறையில் சர்வீஸ் செய்ய 2021 ஜூலை முதல் வணிகப் போட்டியைக் கண்காணிக்கும் போட்டி ஆணையத்தின் வழிகாட்டுதல் இடம் கொடுக்கிறது என்றாலும், இலவசமாக மாற்றித் தர வேண்டிய பெட்டியைக் காசு கொடுத்து ஏன் திறக்க வேண்டும்?

புதுசோ பழசோ, புரோகிராமிங் நடக்கும்போது பேட்டரியோடு நல்ல பவர் சப்ளை இணைந்திருக்க வேண்டும். சும்மா சார்ஜர் போதாது. கரண்ட் போய்விட்டால் என்ன ஏற்பாடு என்று முன்பே கேளுங்கள். பாதி எழுதும்போது வோல்டேஜ் விழுந்தால் நல்ல பெட்டியும் செத்துப்போகலாம்.

வேலை கொடுக்கும் அன்றே, கழற்றிய பெட்டி எனக்கு வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 67ஆம் பிரிவு கழற்றிய பாகத்தைத் திருப்பிக் கேட்கும் உரிமையைத் தருகிறது. 57ஆம் பிரிவுப்படி, மாட்டிய புதுப் பாகத்துக்கும் மாட்டிய வேலைக்கும் மூன்று மாத உத்தரவாதமும் உண்டு. பில்லில் மாட்யூலின் சீரியல் எண்ணையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.