மண்டபம் பழைய கார் கண்காட்சி: அடியில் குனிந்து பார்த்தேன்

மண்டபத்தில் கடலை ஒட்டிய மைதானத்தில் பழைய கார்கள் வருகின்றன என்று பட்டறைக்கு வந்த ஒருவர் சொன்னார். கீழக்கரையில் இருபத்தெட்டு வருஷமாக டிங்கரிங், பெயிண்டிங் வேலை பார்ப்பவன் நான். போகாமல் இருக்க முடியுமா? பங்குனி வெயில் ஏறுவதற்குள் போய்விட வேண்டும் என்று மகளையும் கூட்டிக்கொண்டு காலை எட்டு மணிக்கே போய்ச் சேர்ந்தேன். பெரியவர்களுக்கு ஐம்பது ரூபாய் டிக்கெட், பிள்ளைகளுக்கு இலவசம்.

நாற்பது வண்டிக்குக் குறையாமல் நின்றன. மதுரை, காரைக்குடி, தூத்துக்குடி என்று பல ஊர்களிலிருந்து ஓட்டியே வந்திருந்தார்கள். லாரியில் ஏற்றி வந்தது ரெண்டே ரெண்டுதான். வந்தவர்கள் எல்லாரும் பானட் பக்கம் நின்று போட்டோ எடுத்தார்கள். நான் முழங்கால் போட்டு அடிப்பக்கத்தைப் பார்த்தேன். இந்தக் கடற்கரையில் வண்டி வைத்திருக்கிறவர்களுக்குக் காரணம் புரியும்.

இங்கே காற்றோடு வரும் உப்பு தகரத்தில் படிந்துவிடும். அந்த உப்பு காற்றில் இருக்கிற ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். மழையே பெய்யாவிட்டாலும் ராத்திரியெல்லாம் தகரம் நனைந்துதான் கிடக்கும். பெயிண்டில் ஒரு கீறல் போதும், துரு அது வழியாக நுழைந்து பெயிண்டுக்கு அடியிலேயே பரவும். வெளியே கொப்புளம் தெரிகிறபோது உள்ளே தகரம் அப்பளம் மாதிரி நொறுங்கும். காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகம் துருவைச் சோதிக்க மண்டபத்தில் தனியாக ஒரு நிலையம் வைத்திருக்கிறது என்றால், எங்கள் காற்றின் குணம் அப்படி.

அதனால்தான் வரிசையின் கடைசியில் நின்ற வெள்ளை அம்பாசிடர் என்னை ஒரு மணி நேரம் பிடித்து நிறுத்திவிட்டது. 1966 மாடல், மார்க் 2, கட்டம் போட்ட கிரில். ராமநாதபுரத்து வண்டி, அதுவும் முதலிலிருந்தே ஒரே குடும்பத்து வண்டி. வெளியூர் வண்டி நன்றாக இருப்பது ஒன்று, உப்புக் காற்றிலேயே அறுபது வருஷம் நின்ற வண்டி நன்றாக இருப்பது வேறு. அம்பாசிடருக்குத் தனி சேஸிஸ், அதாவது அடிச்சட்டம் கிடையாது, பாடிதான் முழுப் பாரத்தையும் தாங்குகிறது. கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டித் தகடு அரித்துவிட்டால் வண்டியே தொங்கிப்போகும், கதவு பூட்டாது. எத்தனை அம்பாசிடருக்கு அந்த இடத்தை வெட்டிப் புதுத் தகடு வைத்துப் பற்றவைத்திருக்கிறேன் என்று கணக்கே இல்லை. இந்த வண்டியில் விரல் கணுவால் தட்டிக்கொண்டே போனேன். முன்னாலிருந்து பின்னால் வரைக்கும் ஒரே மாதிரி கணீரென்று சத்தம். பட்டி, அதாவது பள்ளத்தை நிரப்பிப் பூசும் பசை, வைத்த இடத்தில் சத்தம் செத்துப்போகும், இங்கே எங்குமே அப்படி இல்லை.

“அண்ணே, அடித்தகடு எத்தனை தடவை மாத்துனீங்க?” என்று கேட்டேன். வண்டிக்காரர் எழுபது வயதைத் தாண்டியவர், பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

“மாத்தவே இல்ல தம்பி. கடல் பக்கம் போயிட்டு வந்தா அன்னைக்கு ராத்திரியே அடியில தண்ணி அடிச்சுருவேன். போர் தண்ணி கூடாது, அதுவே உப்பு. காவிரித் தண்ணிதான். அப்புறம் இங்க பாருங்க” என்று கதவின் அடி ஓரத்தைக் காட்டினார். தண்ணீர் வடிவதற்காக வைத்த சின்ன ஓட்டை. சட்டைப் பையிலிருந்து ஈர்க்குச்சியை எடுத்து உள்ளே விட்டுக் குத்திக் காட்டினார். “இது அடைச்சா உள்ள தண்ணி தங்கும். மாசத்துக்கு ஒரு தடவை எல்லா ஓட்டையும் பார்த்துருவேன்.”

என் மகளை உள்ளே உட்காரச் சொன்னார். முன்னால் ஒரே நீள சீட், கியர் ஸ்டியரிங் பக்கத்தில். சோக்கை இழுத்து ஸ்டார்ட் செய்தார், ரெண்டாவது தடவையில் பிடித்துக்கொண்டது. எங்கள் வாப்பா ஓட்டிய டாக்சியும் இந்தச் சத்தம்தான் போடும். 1988-ல் சாலைப் பாலம் திறக்கும் வரைக்கும் அந்த வண்டி மண்டபத்தோடு நின்றுவிடும், ராமேஸ்வரம் சவாரி அங்கிருந்து ரயிலேறித்தான் பாம்பனைத் தாண்டும். அதை மகளிடம் சொன்னேன். சாலைப் பாலம் இல்லாத மண்டபத்தை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

பக்கத்தில் ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு நின்றது. 1961-லிருந்து மெட்ராஸில் செய்த வண்டி. பானட்டும் மட்கார்டும் ஒரே துண்டாக முன்பக்கம் சாயும். எஞ்சினைச் சுற்றி ஆள் நின்று வேலை பார்க்கலாம், முன்சக்கரத்தின் மேலே உட்கார்ந்துகூட. இதற்குத் தனி சேஸிஸ் உண்டு, பாடியைப் பகுதி பகுதியாகப் போல்ட் கழற்றி எடுத்துவிடலாம். என்னைப் போன்ற வேலைக்காரனுக்கு இதைவிட நல்ல வண்டி கிடையாது. ஜீப்புகளும் பியட்டுகளும் நிறைய இருந்தன, நல்லாவே வைத்திருந்தார்கள்.

பரிசு விஷயத்தில்தான் எனக்கு வருத்தம். கண்ணாடி மாதிரி மின்னிய ஒரு சிவப்பு வண்டிக்கு முதல் பரிசு. பையில் எப்போதும் வைத்திருக்கும் சின்னக் காந்தத்தை அதன் பின் மட்கார்டில் வைத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை, கீழே விழுந்தது. அவ்வளவு கனத்துக்குப் பட்டி. தீர்ப்புச் சொல்ல வந்தவர்கள் ஒருவர்கூடக் குனியவில்லை. அடுத்த தடவையாவது ஒரு டிங்கரைக் கூட வைத்துக்கொண்டு பார்க்க வேண்டும் என்று நடத்தியவர்களிடம் நேரிலேயே சொன்னேன், குறித்துக்கொண்டார்கள்.

நிழல் போதாது. ஒரே பந்தல்தான், பதினோரு மணிக்கே நிறைந்துவிட்டது. குடிதண்ணீர் மதியத்தோடு தீர்ந்துபோனது. ஆனால் வாசலில் பனையோலைப் பட்டையில் பதநீர் ஊற்றிக் கொடுத்தார்கள், அருமை. ஆளுக்கு ரெண்டு பட்டை குடித்தோம். மீன் சாப்பாடு சுமார்.

சாயங்காலம் எல்லா வண்டியும் வரிசையாகப் பாம்பன் பாலம் வரைக்கும் போவதாக ஏற்பாடு. அம்பாசிடர்க்காரர் மட்டும் சேரவில்லை. “காத்து ஏறிருச்சு தம்பி, இருட்டுறதுக்குள்ள போய்க் கழுவணும்” என்று ராமநாதபுரம் ரோட்டில் திரும்பிவிட்டார். மறுநாள் காலை முதல் வேலையாக, பட்டறையில் நின்ற மூன்று வண்டிகளின் கதவு ஓட்டைகளையும் ஈர்க்குச்சி விட்டுப் பார்த்தேன். ரெண்டு வண்டியில் அடைத்திருந்தது.