தோட்ட வரைபடங்களைத் திறந்து கொடுத்த கியூஜிஐஎஸ்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில், துண்டாடலுக்குப் பின் (பெருந்தோட்டங்கள் சிறு துண்டுகளாக விற்கப்பட்ட பின்) மறைந்துவரும் தோட்டங்களின் லயங்களையும் (தொழிலாளர் வரிசை வீடுகளையும்) கோயில்களையும் தமிழ்ப்பள்ளிகளையும் குறித்த பழைய கோப்புகள் எங்களிடம் மேப்இன்ஃபோ என்ற கட்டண வரைபட மென்பொருளின் வடிவில் இருந்தன. அதற்குரிய உரிமம் எங்களிடம் இல்லை. இலவச வரைபட மென்பொருளான கியூஜிஐஎஸ் (QGIS) அவற்றைத் தடையின்றித் திறந்தது. அது சார்ந்திருக்கும் ஜிடால் (GDAL) என்ற நிரல் நூலகத்தின் 'ஓஜிஆர்2ஓஜிஆர்' (ogr2ogr) கருவியோ ஒவ்வொரு கோப்பையும் ஒரே கட்டளையில் ஜியோபேக்கேஜ் என்ற திறந்த வரைபடக் கோப்பு வடிவுக்கு மாற்றித் தந்தது.

இப்படி மாற்றும்போது ஷேப்ஃபைல் என்ற பழைய கோப்பு வடிவைத் தேர்ந்தெடுக்க வேண்டாம் என்று அழுத்தமாகவே சொல்வேன். அதில் புலப்பெயர் (தகவல் அட்டவணையின் நெடுவரிசைத் தலைப்பு) 10 பைட்டுகளுக்குள் அடங்க வேண்டும். யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்க முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் (எழுத்து, துணைக்குறி, புள்ளி ஒவ்வொன்றுக்கும்) 3 பைட்டுகள் தேவைப்படுவதால், 'தோட்டம்' என்ற எளிய சொல்கூட முழுமையாக நிற்காது. ஜியோபேக்கேஜில் அந்த இழப்பு இல்லை.

பழைய நில அளவைக்குரிய கெர்டாவ் ஆள்கூற்று முறையை (இடங்களை எண்களால் குறிக்கும் முறையை)ச் சரியாகக் குறிப்பிடாவிட்டால், இடங்கள் கண்கூடாக விலகும். மாற்றும் முன் அதை உறுதிசெய்துகொள்ளுங்கள்.