கன்சல்டண்ட் 42,000, ரோல் 38,000: நான் ஏன் குறைந்ததை எடுத்தேன்

2023-ல் கோவையில் ஒரு கட்டட வடிவமைப்பு அலுவலகத்தில் எனக்கும் நண்பர் ஒருவருக்கும் ஒரே வாரத்தில் வேலை கிடைத்தது. ஒரே வேலை, பக்கத்துப் பக்கத்து சீட். ஆனால் இரண்டு விதமான ஆஃபரை முன்னால் வைத்து எதையாவது எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். ஒன்று, கன்சல்டண்டாக மாதம் 42,000 ஃபீஸ். இன்னொன்று, கம்பெனி ரோலில், அதாவது ஊழியராக, 38,000 சி.டி.சி (கம்பெனி எனக்காகச் செய்யும் மொத்தச் செலவு). "பேப்பர்லதானுங்க கன்சல்டண்ட்னு இருக்கும், மத்தபடி எல்லாரும் ஒண்ணுதான்" என்றார் எச்.ஆரில் இருந்தவர். நண்பர் 42,000-ஐ எடுத்தார், நான் ரோலை எடுத்தேன்.

முதல் மாதம் என்னைப் பார்த்துச் சிரித்தார். என் பேஸ்லிப்பில் 38,000-லிருந்து கம்பெனி கட்டும் பி.எஃப் 1,800-ம், கிராஜுவிட்டி (வேலையை விட்டுப் போகும்போது தரும் பணிக்கொடை) என்று 962-ம் போய், மிச்சத்தில் என் பங்கு பி.எஃப் இன்னொரு 1,800 பிடித்தம். கைக்கு வந்தது 33,438. அவருக்கு 10 சதவீதம் டி.டி.எஸ், அதாவது முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி, போக 37,800. அந்தப் பிடித்தமும் ரிட்டர்ன் போட்டால் திரும்ப வந்துவிடும், இந்த வருமானத்துக்கு வரியே கிடையாது. ஆக மாதம் 8,562 வித்தியாசம்.

இதில் 3,600 என் பி.எஃப்., அதாவது என் பணம்தான். (கம்பெனியின் 1,800-ல் 1,250 பென்ஷன் கணக்குக்குப் போகும், பத்து வருடம் சர்வீஸ் இருந்தால்தான் அது மாதப் பென்ஷனாக வரும். முழுதாக என் பணம் என்று அதைச் சொல்லக் கொஞ்சம் கூச்சம்தான்.) கிராஜுவிட்டி 962 ஐந்து வருடம் இருந்தால் தான் கைக்கு வரும். நான் இரண்டு வருடம்கூட இருக்கவில்லை, அதனால் எனக்கு அது வெறும் காகித எண். கழித்துப் பார்த்தால் நிஜமான இழப்பு மாதம் 4,962. சின்னத் தொகை இல்லை.

மற்ற விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வங்கிக் கடனுக்குப் பேஸ்லிப் எளிது. வெளியில் வேறு வேலையும் எடுத்துச் செய்ய கன்சல்டண்ட் வசதி. ரோலில் இருந்தால் நோட்டீஸ் பீரியட் முடித்துத்தான் கிளம்ப முடியும், கன்சல்டண்டுக்கு அந்தத் தளை குறைவு. பி.எஃப் உறுப்பினர் வேலையில் இருக்கும்போது இறந்தால் குடும்பத்துக்கு 7 லட்சம் வரை காப்பீடு உண்டு, ஃபீஸ் வாங்குபவருக்குக் கிடையாது. பெண்கள் என்றால் பேறுகால விடுப்பு ஒன்றே முடிவெடுக்கப் போதும். முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருந்தால் சம்பளத்தோடு 26 வாரம், முதல் இரண்டு குழந்தைகளுக்கு. இ.எஸ்.ஐ என்ற தொழிலாளர் மருத்துவக் காப்பீடு பற்றி எனக்கு அனுபவம் இல்லை, 21,000-க்கு மேல் சம்பளம் என்பதால் நான் அதில் வரவே இல்லை.

என் முடிவை நியாயப்படுத்தியது இவை எதுவும் இல்லை. "நாளையிலிருந்து வராதே" என்று சொல்லும் நாள் வந்தபோதுதான் வித்தியாசம் தெரிந்தது.

இருபதாவது மாதம் பெரிய புராஜெக்ட் ஒன்று கைநழுவியது. வெள்ளிக்கிழமை மாலை ஒரே நேரத்தில் இருவருக்கும் மெயில்: திங்கள் முதல் வர வேண்டாம். நண்பர் காரணம் கேட்டு எழுதினார். ஒப்பந்தத்தின் ஏழாவது ஷரத்தைக் காட்டி ஒரே வரியில் பதில் வந்தது. பதினைந்து நாள் ஃபீஸ், 21,000. அத்தோடு முடிந்தது.

நான் ஒரு பக்கக் கடிதம் எழுதினேன். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-ல் 41-வது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. ஆறு மாதத்துக்குக் குறையாமல் தொடர்ந்து வேலை பார்த்தவரை நியாயமான காரணம் இல்லாமல் அனுப்பக் கூடாது. காரணம் இருந்தாலும் ஒரு மாத நோட்டீஸ், அல்லது அதற்கான சம்பளம் தர வேண்டும். ஒழுங்கீனம் என்று சொன்னால் முறையான விசாரணை நடத்தியிருக்க வேண்டும். மீறினால் 30 நாளுக்குள் தொழிலாளர் துறை அதிகாரியிடம் அப்பீல் போகலாம். இதைத்தான் எழுதி, அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் நகலை இணைத்து, பதிவுத் தபாலில் அனுப்பினேன். நான்காம் நாள் போன். பேசிப் பேசி மூன்று மாதச் சம்பளத்துக்கு வந்தார்கள், 1,05,714 ரூபாய். இருபது மாதத்தில் நான் விட்ட 99,240-ஐ அது ஈடுகட்டிவிட்டது.

எல்லா அலுவலகமும் இப்படி இறங்கி வராது. நான் அப்பீல் வரை போனதும் இல்லை, போயிருந்தால் எத்தனை வாய்தா என்று யார் கண்டது. நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது, அதனால் உங்கள் வேலை என்ன என்று ஆர்டரில் எப்படி எழுதியிருக்கிறார்கள் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். மாதம் இரண்டு லட்சம் ஃபீஸ் வாங்கி, நான்கு கிளையண்ட் வைத்திருப்பவருக்கு என் கணக்கு உதவாது.

நண்பருக்கு வழியே இல்லையா என்றால், இருந்தது. பேப்பரில் கன்சல்டண்ட் என்று இருப்பதால் மட்டும் ஒருவர் கன்சல்டண்ட் ஆகிவிட மாட்டார். 1973-ல் சில்வர் ஜூபிலி டெய்லரிங் ஹவுஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் பார்த்தது. டெய்லர்களுக்குத் துணிக்கு இவ்வளவு என்று பீஸ் ரேட்தான், மாதச் சம்பளம் இல்லை. வேலை இருந்தால் வருவார்கள், சிலர் வீட்டுக்கும் எடுத்துப் போவார்கள். ஆனால் மெஷின் கடைக்காரருடையது, தைத்தது சரியில்லை என்றால் பிரித்துத் தைக்கச் சொல்லும் அதிகாரம் அவருக்கு இருந்தது. அவர்கள் ஊழியர்களே என்று தீர்ப்பாயிற்று.

நண்பரும் எங்களோடு விரல் ரேகை வைத்துத்தான் உள்ளே வந்தார், ஆபீஸ் கம்ப்யூட்டரில்தான் வரைந்தார். ஆனால் ஊழியர் என்று நிரூபிக்கும் வேலை அவர் தலையில். அது முடிவான பிறகுதான் நீக்கியது சரியா என்ற கேள்வியே வரும். எனக்கு அந்த முதல் படியே இல்லை, ஆர்டரைக் காட்டினால் போதும். மாதம் நாலாயிரத்துச் சொச்சம் கொடுத்து நான் வாங்கியது அதைத்தான்.

2025 நவம்பர் 21-லிருந்து மத்திய அரசின் நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. நியமனக் கடிதம் கட்டாயம் என்கிறது ஒன்று. குறிப்பிட்ட காலத்துக்கு ஒப்பந்தத்தில் எடுக்கப்படும் ஊழியருக்கு ஒரு வருடத்திலேயே கிராஜுவிட்டி என்கிறது இன்னொன்று. ஆனால் அதற்கும் நீங்கள் ஊழியராக இருக்க வேண்டும். 41-வது பிரிவு மாநிலச் சட்டம், அது தனியாக நிற்கிறது.

கன்சல்டண்டாகத்தான் சேர வேண்டிய நிலை என்றால் காகிதங்களைச் சேர்த்து வையுங்கள். நண்பர் போனை நோண்டிப் பார்த்தபோது ஒரு வாட்ஸ்அப் செய்தி கிடைத்தது. தங்கை நிச்சயதார்த்தத்துக்கு இரண்டு நாள் கேட்டதற்கு மேலாளர் அனுப்பியது: "லீவு கிடையாது. 9.30-க்கு சீட்ல இருக்கணும்." அன்றைக்கு அதைப் படித்து அழாத குறை. வக்கீல் பார்த்துவிட்டு, "இதை மட்டும் டெலிட் பண்ணிடாதீங்க" என்றாராம்.