சூப்பர் ஸ்கல்பி ஃபர்ம்: காண்டாமிருக வண்டு செய்து பார்த்தபின் ஒரு மதிப்புரை

தென்னங்குருத்தைத் துளைக்கும் காண்டாமிருக வண்டை, அதன் இயல்பான 4 செ.மீ. அளவைப் போல இரண்டரை மடங்கில் செய்வதற்காக, அமெரிக்காவின் பாலிஃபார்ம் நிறுவனம் தயாரிக்கும் சூப்பர் ஸ்கல்பி ஃபர்ம் என்ற சாம்பல் நிறப் பாலிமர் களிமண்ணை, அதாவது ஓவனில் சுட்டால் இறுகும் செயற்கைக் களிமண்ணை, பயன்படுத்தினேன். பூச்சிச் சிற்பத்துக்கு இதைவிடப் பொருத்தமான களிமண்ணை நான் இதுவரை கையாண்டதில்லை.

இதன் முதல் சிறப்பு இறுக்கம். மென்மையான வகைகளில் ஒரு பக்கம் செதுக்கும்போது மறுபக்கத்தில் விரல் பதிந்து, செய்த வேலை கெட்டுவிடும். இதிலோ, தலைக்குப் பின்னுள்ள கவசப் பகுதியான முன்மார்பின் நடுவே உள்ள பள்ளத்தையும் அதன் பின்விளிம்பில் எழும் மேட்டையும் ஊசிமுனையால் வரைந்தால், வரைந்தபடியே நிற்கின்றன. ஒளி ஊடுருவாத சாம்பல் நிறத்தில் நிழல் தெளிவாக விழுவதால், முதுகை மூடும் தடித்த முன்சிறகுகளின் நுண்புள்ளிகளில் எவை ஆழமாகவும் எவை மேலோட்டமாகவும் பதிந்துள்ளன என்பதைச் சுடுவதற்கு முன்பே பார்த்துத் திருத்திக்கொள்ள முடிகிறது. பிவிசி என்ற பிளாஸ்டிக்கும் அதை மென்மையாக்கும் நெகிழ்வூட்டியும் கலந்த இப்பொருள் காற்றில் காயாது என்பதால் அவசரப்படவும் தேவையில்லை.

ஆனால் கால்களைக் களிமண்ணை மட்டும் நம்பிச் செய்யக் கூடாது. கம்பியில்லாத மெல்லிய பகுதி சுட்டபிறகும் முறியக்கூடியது. அலுமினியத் தாளைக் கசக்கி இறுக்கி உடலின் உட்கருவாக்கி, ஆறு கால்களுக்கும் செப்புக் கம்பியை மார்புப் பகுதியிலிருந்தே புறப்படச் செய்து, கம்பியின்மேல் திரவப் பாலிமர் களிமண்ணை மெல்லியதாகப் பூசியபின் களிமண் ஏற்றினால் பிடிப்பு நன்றாக இருக்கிறது. மண்ணைத் தோண்டுவதற்கான பற்கள் முன்னங்கால்களின் வெளிவிளிம்பில் இருக்கும். அவற்றைத் தனித்தனியாக ஒட்டாமல், ஏற்றிய களிமண்ணிலிருந்தே கிள்ளி இழுத்தால்தான் இயல்பாக அமைகின்றன.

6 மி.மீ. தடிமனுக்கு 130 டிகிரி செல்சியஸில் 15 நிமிடம் சுட வேண்டும் என்பது தயாரிப்பாளரின் அளவு. வீட்டு ஓவனின் திருகு காட்டும் வெப்பத்தை நம்பாமல் உள்ளே தனி வெப்பமானி வைப்பது அவசியம், ஏனெனில் கருகும் அளவுக்குச் சூடேறினால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வெளிப்படும்.

அடிப்பகுதியின் செம்பழுப்பு மயிர்களைச் சுட்டபின், தூரிகை நார்களை வெட்டி ஒட்டிச் செய்தேன். நிறம் முழுவதையும் அக்ரிலிக் வண்ணத்தால்தான் ஏற்ற வேண்டியிருக்கிறது. கருமையை ஒரே பூச்சில் அடிக்காமல், அடர்பழுப்பின்மேல் நீர்த்த கருப்பை அடுக்கடுக்காக ஏற்றினால் ஓட்டின் ஆழம் தெரிகிறது. மேற்பூச்சுக்கு நீர் சார்ந்த வார்னிஷ் மட்டுமே ஏற்றது, நகப்பூச்சு நாளடைவில் பிசுபிசுக்கும்.

இணையத்தில் வாங்குவோர் பழைய சரக்கு வரக்கூடும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். பிசையும்போது உதிர்ந்தால் இரண்டொரு துளி மினரல் ஆயில் சேர்த்துப் பிசையலாம். மிஞ்சியதைப் பாலிஸ்டைரீன் டப்பாவில் வைத்தால் நெகிழ்வூட்டி டப்பாவையே அரித்துவிடும். பாலிபுரோப்பிலீன் டப்பாவே பாதுகாப்பானது.