விக்கிப்பீடியா பேச்சுப் பக்கம்: ஏழு வருடம் புழங்கிய பிறகு

தமிழ் விக்கிப்பீடியாவில் தொகுக்க ஆரம்பித்து ஏழு வருடம் ஆகிறது. கட்டுரை எழுதுவதைப் பற்றி நிறையப் பேர் சொல்லிவிட்டார்கள். நான் சொல்ல வந்தது ஒவ்வொரு கட்டுரைக்கும் பின்னால், அதைத் தொகுப்பவர்கள் கலந்து பேசுவதற்காக இருக்கிற பேச்சுப் பக்கத்தைப் பற்றி. 2003இல் தொடங்கிய இந்தக் கலைக்களஞ்சியத்தை முகம் தெரியாத ஆட்கள் சேர்ந்து எழுதிக்கொண்டே இருக்க முடிகிறதென்றால், அந்தப் பக்கம்தான் காரணம் என்று உறுதியாக நம்புகிறேன்.

சேர்ந்த புதிதில் ஒரு கட்டுரையில் ‘யப்பான்’ என்று இருந்ததைப் பிழையென்று நினைத்து, வரிசையாகப் பன்னிரண்டு இடத்தில் ‘ஜப்பான்’ என்று மாற்றிவிட்டேன். அன்று மாலையே என் பயனர் பேச்சில், அதாவது என் பெயரில் இருக்கிற பேச்சுப் பக்கத்தில், ஒரு செய்தி. “வணக்கம் ஐயா, உங்கள் பங்களிப்புக்கு நன்றி. யப்பான் என்பது இலங்கையில் நாங்கள் எழுதும் வழக்கம், பிழையல்ல. கட்டுரையைத் தொடங்கியவர் அப்படி எழுதியிருப்பதால் இதில் அதையே வைத்துக்கொள்ளலாமா?” அவர் நினைத்திருந்தால் என் மாற்றங்களை ஒரே சொடுக்கில் பழையபடி மீளமைத்துவிட்டுப் போயிருக்கலாம். கேட்டுவிட்டுக் காத்திருந்தார். நானே பழையபடி மாற்றினேன். அதற்கப்புறம் பெயர் விஷயத்தில் கை வைப்பதற்கு முன் பேச்சுப் பக்கத்தில் ஒரு வரி கேட்டுவிடுவேன், தலைப்பிலேயே இழுபறி என்றால் ஒரு வடிவத்தைத் தலைப்பாக வைத்து மற்றதிலிருந்து தானாக இங்கே கொண்டுவரும் வழிமாற்று போட்டுவிட்டால் எப்படித் தேடி வருபவருக்கும் கட்டுரை கிடைத்துவிடும்.

செயல்முறையில் சில விஷயங்கள் பழகத்தான் நேரம் எடுக்கும். பேச்சுப் பக்கத்தில் எழுதி முடித்ததும் நான்கு அலைக்குறி (~~~~) போட்டால் பெயரும் நேரமும் கையொப்பமாகத் தானாக வரும். ஒருவரைப் பெயர் குறிப்பிட்டு அழைக்கும்போது அந்தக் கையொப்பமும் அதே தொகுப்பில் இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் அவருக்கு அறிவிப்பே போகாது. அப்புறம் போய்க் கையொப்பத்தை மட்டும் சேர்த்தாலும் போகாது. இது தெரியாமல் ஒருவரிடம் கேள்வி கேட்டுவிட்டு, பதிலே இல்லையே என்று மூன்று வாரம் வருத்தப்பட்டிருக்கிறேன். முன்பு பதிலுக்குப் பதில் வரியை உள்ளே தள்ளிக் காட்ட முக்காற்புள்ளி (:) எண்ணிப் போட வேண்டும், இப்போது ‘பதிலளி’ பொத்தான் இருப்பதால் அந்தச் சிரமம் குறைந்துவிட்டது. ஒரு கட்டுரைக்குள் அடங்காத பொது விஷயம் என்றால் எல்லாரும் கூடிப் பேசும் பொதுப் பக்கமான ஆலமரத்தடிக்குப் போக வேண்டும், பெயர் வைத்தவருக்குப் புண்ணியம், அங்கே உட்கார்ந்து பேசுகிற மாதிரியே இருக்கும்.

புதிதாக வருபவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது தொகுப்புச் சுருக்கத்தை, அதாவது என்ன மாற்றினோம், ஏன் என்று எழுதும் சிறு பெட்டியை, வெறுமையாக விடாதீர்கள் என்பதுதான். காரணம் எழுதாமல் ஒரு பத்தியை நீக்கினால், அதை இரவெல்லாம் உட்கார்ந்து எழுதியவருக்கு அது அவமதிப்பாகத்தான் தெரியும். ‘சான்று இல்லை, பேச்சில் பார்க்கவும்’ என்று நாலு சொல் இருந்தால் போதும், அவர் சண்டைக்கு வரமாட்டார், சான்று தேடப் போவார். எழுத்தில் குரல் கேட்காது என்பதால் ‘ஏன் நீக்கினீர்கள்?’ என்று மொட்டையாகக் கேட்பதுகூட அதட்டலாக விழுகிறது. முதலில் ஒரு வணக்கம் போடுங்கள், சடங்காகத் தெரிந்தாலும் பரவாயில்லை.

குறை என்றால், பதில் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. எல்லாரும் வேலைக்கு நடுவே வருபவர்கள். ஒரு பழைய நூலின் முதற்பதிப்பு ஆண்டுக்குச் சான்று கிடைக்காமல் பேச்சுப் பக்கத்தில் கேட்டுவைத்திருந்தேன். பதினான்கு மாதம் ஒரு சலனமும் இல்லை. போன மாதம், நான் கண் வைத்திருக்கும் பக்கங்களில் நடக்கும் மாற்றங்களைக் காட்டும் கவனிப்புப் பட்டியலில் அந்தப் பக்கம் மேலே வந்து நின்றது. முன்பின் அறியாத ஒரு பயனர், ‘என்னிடம் அந்தப் பதிப்பு இருக்கிறது, முகப்புத் தாளைப் பார்த்துவிட்டேன்’ என்று ஆண்டையும் அச்சகத்தின் பெயரையும் எழுதியிருந்தார். கட்டுரையில் சேர்த்துவிட்டு அங்கே இருந்த ‘சான்று தேவை’ என்ற குறிப்பை எடுத்தேன். பேச்சுப் பக்கத்தின் மாற்றங்களைப் பட்டியலிடும் வரலாற்றுப் பக்கத்துக்குப் போய் அவர் பெயருக்கு எதிரே இருந்த ‘நன்றி’யை அழுத்தினேன்.