மோட்டர் ஓடுது, தண்ணி ஏறேல்லை: ஒரு வீட்டுத் திருத்தச் செயலியோடு மூன்று வருடம்

யாழ்ப்பாணத்தில், கோண்டாவிலில் அம்மா தனிய இருக்கிறா. நான் கொழும்பில், தம்பி ரொறன்ரோவில். வீட்டில் என்ன பழுதானாலும் ஒரு செயலியில் பதிந்துதான் ஆள் அனுப்புகிறோம். 3 வருடமாகப் பாவிக்கிறோம்.

முதல் தடவை கிணற்று மோட்டருக்காக. "பிள்ளை, மோட்டர் ஓடுது, தண்ணி ஏறேல்லை" என்றா அம்மா. செயலியோ பிளம்பிங்கா, எலெக்ட்ரிக்கலா என்று கேட்டது. மோட்டர்தானே என்று எலெக்ட்ரிக்கலை அமத்தினேன். வந்தவர் வயரைச் சோதித்தார், கரண்ட் சரி என்றார், வந்த கூலியை வாங்கிக்கொண்டு போனார். கசிந்தது கிணற்றுக்குள், பைப்பின் அடி நுனியில் தண்ணீர் திரும்பி இறங்காமல் தடுக்கிற ஃபுட் வால்வு. பைப்பில் நிற்க வேண்டிய தண்ணீர் கிணற்றுக்கே இறங்கிவிட, மோட்டர் காற்றை இழுத்துக்கொண்டு ஓடியிருக்கிறது. அது பைப் வேலைக்காரரின் வேலை. சுற்றாமல் உறுமிக்கொண்டு மட்டும் நின்றிருந்தால் பெரும்பாலும் மோட்டரைச் சுற்றத் தொடக்கிவிடுகிற கப்பாசிற்றர், அது கரண்ட்காரரின் வேலை. இந்தப் பிரிவெல்லாம் அம்மாவுக்கு எதற்கு? அவவுக்குத் தெரிந்தது சத்தம். அதையல்லவா கேட்டிருக்க வேண்டும்!

தம்பி பதிந்தால் வேறு கரைச்சல். காலை 9 மணிக்கு ஒழுங்கை தெரியாமல் நிற்கிற வேலைக்காரர், பதிந்தவரின் இலக்கத்துக்குத்தான் எடுப்பார். ஆனி, ஆடியில் அப்போது ரொறன்ரோவில் இரவு 11.30.

விடாமல் முறைப்பாடு எழுதினேன். போன வருடம் அந்த நிறுவனத்திலிருந்து இரண்டு பேர் வீட்டுக்கே வந்தார்கள். நானும் அன்று அங்கே நின்றேன். "குளியலறைப் பைப் ஒழுகுது, ஆளைக் கூப்பிடுங்கோ அம்மா" என்று போனைக் கொடுத்துவிட்டு விறாந்தையில் பேசாமல் இருந்தார்கள். நான் சொல்லிக்கொடுக்கப் போக, வந்தவர்களில் ஒரு பிள்ளை கையால் மறித்தாள். "சேவை வகையைத் தெரிவு செய்க" என்ற வரிக்கு மேலே அம்மாவின் விரல் கனநேரம் நின்றது. பிறகு மூலையில் இருந்த கமராப் படத்தை அமத்தினா. அது சொந்தப் படம் போடுகிற இடம். "ஒழுகிறதைப் படம் எடுத்து அனுப்பினால் அவைக்கு விளங்கும்தானே?"

அவள் அதை அப்படியே எழுதிக்கொண்டாள்.

5 வீடுதான் பார்க்கிறார்களாம். காணுமா என்று கேட்டேன். 5 பேரிலேயே பெரும்பாலான சிக்கல் வெளிவரும், திருத்திய பிறகு திரும்பவும் 5 பேரிடம் போவது நல்லது என்று, பாவிக்கிறவர்களை வைத்துச் சோதிப்பது பற்றி எழுதுகிற நிபுணர் ஜேக்கப் நீல்சன் 2000ஆம் ஆண்டிலேயே எழுதியதைச் சொன்னாள். சொன்னபடி இரண்டு மாதத்தில் திரும்பவும் வந்தார்கள்.

இப்போது முதல் திரையிலேயே படமும் குரலும் அனுப்பலாம். "சத்தம் வருதா? தண்ணி கொஞ்சமாவது வருதா?" என்று கேட்கிறது. வீட்டில் நிற்பவரின் இலக்கத்துக்குத் தனி இடம் இருக்கிறது. வழியையும் "வைரவர் கோயிலடியால் திரும்பி நீலக் கேற்" என்று அம்மாவே குரலில் சொல்லி வைத்திருக்கிறா. அதற்குப் பிறகு ஒருவரும் வழி தவறவில்லை.

ஒரு குறை மிச்சம். யாழ்ப்பாணத்தில் நிலத்தடி சுண்ணாம்புக்கல், தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம், குழாய்கள் அடிக்கடி அடைக்கும். வருகிற ஒவ்வொரு ஆளும் முதலிலிருந்து விசாரிக்கிறார். முன்னர் வந்தவர் எதை மாற்றினார் என்பது செயலியில் எங்கும் இல்லை. ஃபுட் வால்வு மாற்றிய திகதியை அம்மா மோட்டர் அறைக் கதவின் உட்பக்கத்தில் சோக்கட்டியால் எழுதி வைத்திருக்கிறா. அடுத்த முறை அவர்கள் வந்தால் அந்தக் கதவைத்தான் முதலில் காட்டுவேன்.