மூளை முடக்குவாதம் உள்ள மாணவிக்காக வாங்கிய போச்சியா பந்துத் தொகுப்பு: ஓராண்டு அனுபவம்

எங்கள் பள்ளியில் ஏழாம் வகுப்புப் படிக்கும் மாணவி ஒருத்திக்காகச் சென்ற ஆண்டு இந்தத் தொகுப்பை வாங்கினோம். மூளை முடக்குவாதம் உள்ள அவளுக்குக் கைகால்களில் தசை இறுக்கமும் தன்னை மீறிய அசைவுகளும் உண்டு. அதுவரை விளையாட்டுப் பாடவேளையில் அவளுடைய சக்கர நாற்காலியை மைதானத்தின் ஓரத்தில் நிழலாகப் பார்த்து நிறுத்துவதோடு உடற்கல்வி ஆசிரியராகிய என் பொறுப்பு முடிந்துவிட்டதாக நினைத்திருந்தேன். அது தவறு.

பெட்டியில் சிவப்புப் பந்துகள் 6, நீலப் பந்துகள் 6, இலக்காக வைக்கும் வெள்ளைப் பந்து 1, ஓர் அளவு நாடா ஆகியவை இருந்தன. போச்சியா விளையாட்டில் எவருடைய பந்து வெள்ளைப் பந்துக்கு மிக அருகில் நிற்கிறதோ அவருக்கே புள்ளி. மூளை முடக்குவாதம் உள்ளவர்களை மனத்தில் வைத்து வளர்ந்த இவ்விளையாட்டு 1984 முதல் பாராலிம்பிக்கில் இடம்பெற்று வருகிறது.

பந்தின் சிறப்பு அதன் மென்மை. உள்ளே சிறு மணிகள் நிரப்பிய தோல் பந்து என்பதால் அது துள்ளுவதில்லை. விரல்கள் அழுத்தும்போது சற்றே குழிந்து கைக்குள் நிற்கிறது. வளரும் மூளையில் ஏற்பட்ட பாதிப்பினால் உடலை இயக்கும் கட்டளை குலைவதே மூளை முடக்குவாதம். தசை இறுக்கம் உள்ள குழந்தையை அவசரப்படுத்தினாலோ திடீர் ஓசை கேட்டாலோ இறுக்கம் கூடி, விரிய வேண்டிய நேரத்தில் கை விரியாமல் போகும். ரப்பர் பந்து அவளிடமிருந்து நழுவி ஓடியதற்கும், இந்தப் பந்து அவள் கை விரியும்வரை காத்திருப்பதற்கும் காரணம் இதுதான்.

ஆயினும் கையால் எறிந்தபோது பந்து பெரும்பாலும் அவள் காலடியிலேயே விழுந்தது. அவளுக்குப் பந்தை வைத்து உருட்டிவிடும் சாய்தளம் தேவை என்பதும், அது இந்தப் பெட்டியில் இல்லை என்பதும் பிறகே புரிந்தன. இதை இத்தொகுப்பின் பெரிய குறையாகவே சொல்வேன். கையேட்டில்கூட அதைப் பற்றி ஒரு வரி இல்லை. 110 மில்லிமீட்டர் பி.வி.சி. குழாயை நீளவாக்கில் இரண்டாக அறுத்து, மரத் தாங்கியில் பொருத்திக்கொண்டோம். பந்தின் சுற்றளவு ஏறத்தாழ 27 சென்டிமீட்டர் என்பதால் அதில் தடையின்றி உருள்கிறது.

போச்சியா போட்டிகளில், சாய்தளம் பயன்படுத்தும் ஆட்டக்காரர்களுக்கான பிசி3 என்னும் பிரிவில், உதவியாளர் ஆடுகளத்துக்கு முதுகைக் காட்டியபடியே இருக்க வேண்டும். ஆட்டம் நடக்கும்போது திரும்பிப் பார்க்கக் கூடாது. இந்த விதியை நாங்கள் கடைப்பிடிக்கத் தொடங்கிய நாளில்தான் அவள் உண்மையில் விளையாடத் தொடங்கினாள். அதற்கு முன் நானே குறிபார்த்துச் சாய்தளத்தைத் திருப்பிவிட்டு, அவள் பந்தைத் தள்ளியதும் கைதட்டிக்கொண்டிருந்தேன். இப்போது அவள் இடம், வலம், மேலே என்று சொல்லச் சொல்ல, உதவியாக அமரும் வகுப்புத் தோழி கண்ணால் காணாமலே சாய்தளத்தை நகர்த்துகிறாள். பேச்சுக் குழறும் அவளுடைய சொற்களைப் புரிந்துகொள்ள அத்தோழிக்கு ஏறக்குறைய இரண்டு வாரங்கள் ஆயின. எனக்கு அதைவிடக் கூடுதலான காலம் தேவைப்பட்டது. எதிரணிப் பந்து வெள்ளைப் பந்தை ஒட்டி நின்ற ஒரு நாள், வெள்ளைப் பந்தையே மோதி, பின்னால் கிடந்த தன் பந்துகளின் பக்கம் தள்ளினாள். அத்தகைய திட்டம் அவள் மனத்தில் ஓடுகிறது என்று அன்றுவரை எங்களில் யாரும் எண்ணியிருக்கவில்லை.

தரத்தைப் பொறுத்தவரை முழு நிறைவு இல்லை. போட்டி விதிப்படி பந்தின் எடை 275 கிராம். 12 கிராம்வரை கூடலாம், குறையலாம். எங்கள் நீலப் பந்துகளில் இரண்டு 255 கிராமுக்கும் குறைவாக இருந்தன. ஒன்றில் தையலும் பிரிந்தது. விற்றவர்கள் ஒன்றை மட்டுமே மாற்றித் தந்தார்கள். பள்ளிப் பயிற்சிக்கு இது போதும். போட்டிக்குச் செல்பவர்கள் வாங்கியவுடன் எடை பார்ப்பது நல்லது. மண் தரையில் இப்பந்துகள் சரியாக உருள்வதில்லை. 12.5 மீட்டர் நீளமும் 6 மீட்டர் அகலமும் கொண்ட முழு ஆடுகளத்துக்கு இடமில்லாததால், சிமெண்டுத் தாழ்வாரத்தில் சுண்ணக்கட்டியால் சிறிய களம் வரைந்து ஆடுகிறோம்.

மற்ற மாணவர்களும் நாற்காலியில் அமர்ந்து அவளுடன் ஆடுகிறார்கள். இடைவேளையில் அவர்களே பந்துகளை எடுத்துக்கொண்டு போய்விடுவதால் அவளுடைய தனிப் பயிற்சிக்குக் கிடைப்பதில்லை. ஆகவே இந்த ஆண்டு இரண்டாவது தொகுப்பு கேட்டுத் தலைமையாசிரியருக்கு எழுதியிருக்கிறேன்.